முழுப்பணம் கையில் இருந்தால் வீட்டு விலையை எப்படிப் பேசுவது? நான்கு வழிகள், ஓர் ஒப்பீடு

கடன் வாங்காமல் முழுப்பணத்தையும் கொடுத்து வீடு வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் நின்றுவிடுகிறார்கள். "பணம் ரெடி. எவ்வளவு குறைத்துக் கேட்கலாம்?" ஒருவர் இருபது சதவீதம் அடித்துக் கேள் என்பார். இன்னொருவர், பணம் எங்கிருந்து வந்தால் விற்பவருக்கு என்ன, அவர் எதற்குக் குறைக்க வேண்டும் என்பார். இரண்டிலும் பாதி உண்மை இருப்பதால்தான் குழப்பம்.

கடன் வாங்கியவர் கொடுத்தாலும் நீங்கள் கொடுத்தாலும் விற்பவர் கைக்கு வருவது அதே பணம்தான். வித்தியாசம் நடுவில் இருக்கிறது. கடனில் வாங்குபவர் வந்தால் வங்கி ஒப்புதலுக்குக் காத்திருக்க வேண்டும். வங்கியின் மதிப்பீட்டாளர் பேசிய விலையைவிடக் குறைத்து மதிப்புப் போட்டுவிடலாம். எல்லாம் முடிந்தது என்று நினைக்கும்போது கடன் மறுக்கப்பட்டு, மறுபடி முதலிலிருந்து ஆள் தேட வேண்டி வரலாம். இந்தத் தொல்லைகளை விற்பவரின் தலையிலிருந்து இறக்கி வைப்பதற்கான கூலிதான் நீங்கள் கேட்கும் குறைப்பு. தொல்லை பெரிதாக இருப்பவர் நிறையக் குறைப்பார். தொல்லையே இல்லாதவர் ஏன் குறைக்கப் போகிறார்?

இங்கே முழுப்பணம் என்று சொல்வது நோட்டுக் கட்டுகளை அல்ல. வங்கிக் கணக்கில் கணக்கோடு இருக்கும், யாருடைய ஒப்புதலுக்கும் காத்திருக்கத் தேவையில்லாத பணத்தை.

## அந்தக் கூலி எவ்வளவு?

கேட்கும் விலை 100 என்று வைத்துக்கொள்வோம். கடனில் வாங்குபவர் ஒருவர் 98 தருகிறேன் என்கிறார். பத்தில் ஒரு தடவை அந்தக் கடன் கைகூடாமல் போகும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். போனால் விற்பவர் மறுபடி ஆள் பிடித்து 94-க்கு விற்க வேண்டியிருக்கும். இடைப்பட்ட காலத்து வட்டி, வரி, பராமரிப்பு என்று 1 கரையும். ஆக, கையில் நிற்பது 93. பத்தில் ஒன்பது பங்கு 98, ஒரு பங்கு 93 என்று சராசரி போட்டால் 97.5 வரும். காத்திருக்கும் வாரங்களுக்கு அரை கழித்தால் 97.

அதாவது கடன்காரரின் 98-ம் உங்கள் 97-ம் இந்த விற்பவருக்கு ஏறக்குறைய ஒன்றுதான். இவ்வளவு கூத்துக்கும் வித்தியாசம் வெறும் 1.

ஆனால் அதே விற்பவர் வேறொரு வீட்டுக்கு 10 அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, இந்த வீடு விற்றால்தான் அதை முடிக்க முடியும் என்ற நிலையில் இருந்தால்? கடன் முறிந்தால் அந்த 10-ம் போகும். பத்தில் ஒரு பங்கு வாய்ப்பு என்றால் இன்னொரு 1 குறைகிறது. 96-க்கே அவர் தலையாட்டலாம். தூக்கம் கெடுவதற்கு அவர் எவ்வளவு விலை போடுவார் என்பது தனி.

இந்தத் தனிக்கணக்கு சிறியது அல்ல. அமெரிக்காவில் 1980 முதல் 2017 வரை நடந்த வீட்டு விற்பனைகளை ஆராய்ந்து மைக்கேல் ரெஹர், ரோசன் வால்கனோவ் என்ற இரு பொருளியலாளர்கள் எழுதிய ஆய்வு 2024-இல் வெளியானது. கடனில் வாங்கியவர்கள், முழுப்பணம் கொடுத்தவர்களைவிடச் சராசரியாக 11 சதவீதம் அதிகம் கொடுத்திருக்கிறார்கள் என்பது அதன் முடிவு. காத்திருப்பு, கடன் முறிவு எல்லாவற்றையும் சேர்த்து அவர்கள் போட்டுப் பார்த்த மாதிரிக் கணக்கில் வந்தது 3 சதவீதம்தான். நடுவில் இருக்கும் இடைவெளியை விற்பவரின் பயத்துக்கான விலை என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். அதற்காக 11 சதவீதத்தை உங்கள் உரிமை என்று நினைத்துப் பேசப் போகாதீர்கள். அது ஒரு நாட்டின் சராசரி. உங்கள் எதிரில் உட்கார்ந்திருப்பவர் ஓர் ஆள்.

## எதை வைத்து வழியைத் தேர்ந்தெடுப்பது?

முதலாவது, விற்பவரின் அவசரம். "ஏன் விற்கிறீர்கள்?" என்று நேராகவே கேட்கலாம், பலர் சொல்லிவிடுவார்கள். வேலை மாற்றம், பாகப்பிரிவினை, வேறு வீடு வாங்கியிருப்பது, கடன் நெருக்கடி இவையெல்லாம் அவசரம். "நல்ல விலை வந்தால் பார்ப்போம்" என்பவருக்கு அவசரம் இல்லை.

இரண்டாவது, போட்டி. எதிரில் நிற்பவர்கள் கடன்காரர்களா, உங்களைப் போன்றவர்களா? எல்லோருமே முழுப்பணத்தோடு வந்திருந்தால் உங்கள் பணத்துக்குத் தனி மவுசு கிடையாது.

மூன்றாவது, அந்த வீட்டுக்கு வங்கி கடன் தருமா என்பது. கட்டடம் சிதைந்திருந்தாலோ, வேலை பாதியில் நின்றிருந்தாலோ, ஆவணத்தில் சிக்கல் இருந்தாலோ வங்கி கைவிரித்துவிடும்.

நான்காவது, வீட்டின் உண்மையான மதிப்பு உங்களுக்கு எவ்வளவு உறுதியாகத் தெரியும்? சுற்றுவட்டாரத்தில் அண்மையில் விற்ற இதே மாதிரி வீடுகளின் விலையைச் சேகரித்து, கேட்கும் விலையைத் தெரிந்துகொள்ளும் முன்பே ஒரு தொகையை எழுதி வைத்துவிடுவது நல்லது. காரணம் கீழே வருகிறது.

ஐந்தாவது, வாங்கி முடித்த மறுநாள் உங்கள் கையில் என்ன மிஞ்சும். இதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்.

## வழி 1: அடித்துக் கேட்பது

100 சொல்லும் வீட்டை 82, 85 என்று ஆரம்பிப்பது. இதில் தந்திரம் இல்லாமல் இல்லை. முதலில் காதில் விழும் எண் பேச்சு முழுவதையும் தன் பக்கம் இழுக்கும். 1987-இல் கிரெகரி நார்த்கிராஃப்ட், மார்கரெட் நீல் இருவரும் அரிசோனாவின் டூசான் நகரில் ஒரே வீட்டைப் பல வீட்டுத் தரகர்களுக்குக் காட்டினார்கள். சிலரிடம் கேட்கும் விலையைக் கூட்டியும் சிலரிடம் குறைத்தும் சொன்னார்கள். தரகர்கள் போட்ட மதிப்பு, சொல்லப்பட்ட எண்ணையே தொடர்ந்து போனது. கேட்கும் விலையைப் பார்த்து மதிப்புப் போட்டேன் என்று ஒப்புக்கொண்டவர்களோ மிகச் சிலர். அனுபவசாலிகளுக்கே இந்த கதி என்றால், விளம்பரத்தில் பார்த்த விலை உங்களையும் இழுத்திருக்கும். அதனால்தான் முன்கூட்டியே எழுதி வைக்கச் சொன்னேன்.

வெறும் எண்ணாகக் கேட்டால் இது அடிமாட்டு விலைப் பேச்சு ஆகிவிடும். காரணம் ஒட்டியிருக்க வேண்டும்.

"சார், வீடு நல்லா இருக்கு. ஆனா படுக்கையறை அலமாரிக்குப் பின்னால சுவர் ஈரமா இருக்கு, புதுசா அடிச்ச பெயிண்ட் அங்க மட்டும் உப்பி நிக்குது. மேல குளியலறைக் குழாய் கசியுதுன்னு பார்க்க வந்தவர் சொன்னார். தரையை உடைச்சுச் சரிபண்ண அவர் கொடுத்த மதிப்பீடு இது. அதைக் கழிச்சுத்தான் 86 சொல்றேன்."

விற்பவருக்கு இதைக் கேட்கக் கோபம் வரலாம்; ஆனால் பதில் சொல்லியாக வேண்டும். அடுத்து வருபவரும் அதே சுவரைத்தான் பார்ப்பார் என்பது அவருக்கும் தெரியும்.

பலிக்கும் இடங்கள்: நெடுநாள் விலைபோகாமல் கிடக்கும் வீடு, வெவ்வேறு ஊர்களில் இருக்கும் வாரிசுகள் பங்கு பிரிக்க விற்கும் வீடு, வங்கி கடன் தராத வீடு. கடைசியாகச் சொன்னதில் கொஞ்சம் நிதானம் தேவை. கடனில் வாங்குபவர்கள் வரவே முடியாத வீடு என்பதால் உங்களுக்கு மலிவாகக் கிடைக்கிறது. நாளைக்கு நீங்கள் விற்கும்போதும் அவர்கள் வர முடியாது. குறையைச் சரிசெய்ய முடியும் என்றால் அது லாபம். முடியாது என்றால், இன்று வாங்கிய தள்ளுபடியை விற்கும்போது நீங்கள் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான்.

மறைவான செலவுகளில் முதலாவது, விற்பவர் முகத்தைத் திருப்பிக்கொள்வது. குறிப்பாக, தான் வாங்கிய விலைக்குக் கீழே விற்க வேண்டிய நிலையில் இருப்பவர். 1990-களில் பாஸ்டன் நகரின் அடுக்குமாடி வீடுகளை டேவிட் ஜெனசோவ், கிறிஸ்டோபர் மேயர் இருவரும் ஆராய்ந்து 2001-இல் எழுதினார்கள். நட்டத்தில் விற்க வேண்டியவர்கள் மற்றவர்களைவிட விலையை உயர்த்தி வைத்தார்கள், வீட்டை நெடுநாள் விற்காமலும் வைத்திருந்தார்கள். வாங்கிய விலைக்குக் கீழே இறங்க மனசு வராது. அப்படிப்பட்டவரிடம் 82 என்று ஆரம்பித்தால் அடுத்த போனை எடுக்க மாட்டார்.

இதற்கு நேர் எதிரான ஆபத்தும் உண்டு. நீங்கள் அடித்துக் கேட்டதும் "சரி" என்று உடனே சொல்லிவிட்டால், அவருக்குத் தெரிந்து உங்களுக்குத் தெரியாதது ஏதோ இருக்கிறது. அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஆவணங்களை இன்னொரு முறை வக்கீலிடம் காட்டுங்கள்.

## வழி 2: ஒரே விலை, குறுகிய கெடு

"93. இதற்கு மேல் என்னால் முடியாது. கடன் நிபந்தனை எதுவும் கிடையாது. வீட்டைப் பரிசோதிக்க ஒரு வாரம், ஆவணம் பார்க்க இன்னொரு வாரம். எல்லாம் சரியாக இருந்தால் நீங்கள் சொல்லும் தேதியில் கிரயம். வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள்."

முழுப்பணத்தின் பலம் முழுதாகத் தெரிவது இந்த வழியில்தான். நான்கில் ஒன்றைச் சொல் என்றால் அவசரமுள்ள விற்பவரிடம் இதைத்தான் சொல்வேன். அவருக்கு 98-க்கும் 93-க்கும் நடுவில் இருக்கும் 5 கண்ணில் படும். கூடவே தேதியும் படும். தேதி நிச்சயமாகத் தெரிந்தால் அவர் அடுத்த வேலையைப் பார்க்கலாம்.

தரகர் உண்டென்றால் அவரும் உங்கள் பக்கம் சாய வாய்ப்புண்டு. ஸ்டீவன் லெவிட், சாட் சிவர்சன் இருவரும் 2008-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அமெரிக்க வீட்டுத் தரகர்கள் தங்கள் சொந்த வீட்டை விற்கும்போது சராசரியாக 9.5 நாள் கூடுதலாகக் காத்திருந்து 3.7 சதவீதம் கூடுதல் விலைக்கு விற்றார்கள். அடுத்தவர் வீடு என்றால் சீக்கிரம் முடிவதே அவர்களுக்கு லாபம். விலை 5 கூடினாலும் தரகரின் கமிஷனில் கூடுவது துளிதான். பேச்சு முறிந்தால் முழுக் கமிஷனும் போச்சு. விற்பவருக்கு "இதை விட்டுடாதீங்க" என்று சொல்ல அவருக்குக் காரணம் இருக்கிறது. அதே தரகர் உங்களிடமும் "இன்னும் 2 ஏத்திச் சொல்லுங்க, முடிச்சுடலாம்" என்பார். அதையும் நினைவில் வையுங்கள்.

பணம் இருக்கிறது என்பதற்குச் சான்று கேட்பார்கள். இங்கே ஒரு சின்ன விஷயம். வங்கிக் கணக்கு அறிக்கையை அப்படியே நீட்டிவிடாதீர்கள். 93 சொல்லிவிட்டு 140 இருப்பைக் காட்டினால் "இதற்கு மேல் முடியாது" என்ற பேச்சை யார் நம்புவார்கள்? பேசும் தொகை அளவுக்கு இருப்பு உண்டு என்று மட்டும் வங்கியிடம் கடிதம் வாங்க முடிந்தால் வாங்குங்கள். இல்லையென்றால் அந்தத் தொகையைத் தனிக் கணக்குக்கு மாற்றி அதைக் காட்டுங்கள்.

வேகம் காட்டுகிறேன் என்று பரிசோதனையைக் கைவிடுவதுதான் இந்த வழியில் பெரிய செலவு. அதை விட்டுக்கொடுத்து விலை குறைத்தவர்கள் பிறகு குழாய்க்கும் கூரைக்கும் கொட்டி அழுவார்கள். பரிசோதனை நாட்களைக் குறைக்கலாம், பரிசோதனையைக் குறைக்கக் கூடாது. இன்னொன்று, கடைசி விலை என்று சொல்லிவிட்டு மறுநாள் 95-க்கு ஏறினால் உங்கள் கெடுவுக்கும் மதிப்புப் போய்விடும். ஏற உத்தேசம் இருந்தால் இந்த வழிக்கே வராதீர்கள்.

## வழி 3: விலையைக் கொடுத்து நிபந்தனையை வாங்குவது

சில விற்பவர்களுக்கு ஓர் எண் மனதில் பதிந்துவிடும். பக்கத்து வீடு அந்த விலைக்குப் போயிருக்கும், அல்லது சொந்தக்காரரிடம் சொல்லியிருப்பார்கள். அந்த எண்ணோடு மல்லுக்கட்டிப் பயனில்லை. 98, 99 என்று ஒப்புக்கொண்டுவிட்டு வேறு இடத்தில் கேட்கலாம்: பழுதுக்குப் பணம், அலமாரி, ஏசி, மோட்டார் எல்லாம் சேர்த்து, பதிவுச் செலவில் பங்கு, உங்களுக்குத் தோதான தேதி.

போட்டி கடுமையாக இருக்கும்போதும் இது உதவும். கடன்காரர் 99 சொல்கிறார், நீங்களும் 99 சொல்கிறீர்கள் என்றால் விற்பவர் உங்களைத்தான் எடுப்பார். அந்த முன்னுரிமையையே சாமான்களாகவும் பழுதுச் செலவாகவும் மாற்றிக்கொள்ளலாம்.

"நானே பழுது பார்த்துத் தருகிறேன்" என்று விற்பவர் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். வீட்டை விட்டுப் போகிறவர் மலிவான ஆளை வைத்து மேல்பூச்சுப் பூசிவிட்டுப் போவார். பழுதுக்கான தொகையை விலையில் கழித்துக்கொண்டு நீங்களே செய்யுங்கள். சேர்த்துத் தருவதாகச் சொன்ன ஒவ்வொரு சாமானையும் ஒப்பந்தத்தில் பெயர் சொல்லி எழுத வேண்டும். "எல்லா ஃபிட்டிங்ஸும்" என்று எழுதினால் மின்விசிறி கழற்றப்பட்ட கொக்கிதான் மிஞ்சும்.

விற்பவர்கள் மிகவும் விரும்பிக் கேட்பது ஒன்று உண்டு: பணத்தை வாங்கிக்கொண்டு இன்னும் சில வாரம் அதே வீட்டில் இருக்க அனுமதி. வங்கி நடுவில் இல்லாததால் உங்களால் இதைச் சுலபமாகக் கொடுக்க முடியும். நல்ல விலைக்குறைப்பும் பேச முடியும். ஆனால் பணம் போன பிறகு ஆளை வெளியேற்றுவது உங்கள் தலைவலி. ஒரு பகுதிப் பணத்தை வக்கீலிடமோ நடுநிலைக் கணக்கிலோ நிறுத்தி வைத்து, சாவி கொடுக்கும் நாளில்தான் விடுவிப்பது என்று எழுதிக்கொள்ளாமல் சம்மதிக்க வேண்டாம்.

மறைவான செலவு எளிமையானது. பதிவுக் கட்டணம், வரி, கமிஷன் எல்லாம் கூடிய விலையின் மேல்தான் கணக்கிடப்படும். 98 கொடுத்து 5-க்கு நிபந்தனை வாங்குவதும் 93 கொடுப்பதும் ஒன்றல்ல.

## வழி 4: பணம் இருப்பதைக் கடைசிவரை சொல்லாதது

முழுப்பணம் என்று முதலிலேயே சொன்னால் "வசதியானவர்தானே, ஏன் குறைக்கணும்" என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் மற்ற எல்லோரையும் போலப் பேசி 96-க்குக் கொண்டுவந்துவிட்டு, அப்புறம் "94 என்றால் கடனே வேண்டாம், இரண்டு வாரத்தில் முடிக்கிறேன்" என்று கடைசிச் சீட்டை இறக்கலாம். அவசரமில்லாத விற்பவரிடம் இது பொருந்தும்.

கேட்காததைச் சொல்லாமல் இருப்பது வேறு, கேட்டால் பொய் சொல்வது வேறு. பொய் வெளிப்பட்டால் மீதிப் பேச்சு முழுவதும் சந்தேகத்தில்தான் நடக்கும். அதோடு, நீங்கள் சீட்டை ஒளித்து வைத்திருக்கும்போதே வேறொருவர் முழுப்பணத்தோடு வந்து வீட்டை எடுத்துக்கொண்டு போகலாம்.

கட்டுநர்களிடம் புது வீடு வாங்குபவர்கள் இதைக் கட்டாயம் யோசிக்க வேண்டும். சில கட்டுநர்களுக்குக் கடன் நிறுவனத்தோடு ஏற்பாடு இருக்கும். கடனில் வாங்குபவருக்கே சலுகை கூடுதலாக இருக்கும். அங்கே முழுப்பணம் என்று சொல்வதால் ஒன்றும் கிடைக்காது.

## ஒரு பார்வையில்

| வழி | எப்போது நல்லது | மறைவான செலவு |
|---|---|---|
| அடித்துக் கேட்பது | விலைபோகாத வீடு, வாரிசு வீடு, வங்கி ஒதுக்கிய வீடு | பேச்சு முறிவு, திரும்ப விற்கும்போது குறை விலை |
| ஒரே விலை, கெடு | அவசரமான விற்பவர், கடன்காரப் போட்டியாளர்கள் | அரைகுறைப் பரிசோதனை |
| விலை கொடுத்து நிபந்தனை | பிடிவாதமான எண், கடும் போட்டி | கூடிய கட்டணங்கள், வெளியேறாத விற்பவர் |
| கடைசிவரை சொல்லாதது | அவசரமில்லாத விற்பவர், கட்டுநர் வீடு | வீடே கைவிட்டுப் போவது |

## எந்த வழியில் போனாலும் வரும் செலவுகள்

கடனில் வாங்குபவர் அலுத்துக்கொள்ளும் வங்கிச் சம்பிரதாயங்கள் அவரைப் பாதுகாக்கவும் செய்கின்றன. வங்கி தன் பணத்துக்காக மதிப்பீடு செய்கிறது, ஆவணங்களைத் துருவுகிறது, வீட்டுக்குக் காப்பீடு எடுக்க வைக்கிறது. உங்களை யாரும் கட்டாயப்படுத்த மாட்டார்கள். மதிப்பீட்டாளர், வக்கீல், கட்டடப் பொறியாளர் மூவரையும் நீங்களே காசு கொடுத்து வைக்க வேண்டும். விலையில் 7 குறைத்துவிட்டு இந்தச் செலவில் அரையை மிச்சம் பிடிப்பது புத்திசாலித்தனம் ஆகாது.

அப்புறம், பணம் வேறு இடத்தில் சம்பாதித்துக்கொண்டிருந்த வருமானம் நின்றுபோகும். இன்னும் முக்கியம், வீட்டில் போட்ட பணத்தை அவசரத்துக்கு எடுக்க முடியாது. மருத்துவச் செலவு வந்தால் குளியலறையை மட்டும் விற்க முடியுமா? சேமிப்பை முழுக்கத் துடைத்துப் போட வேண்டியிருந்தால், பாதியைக் கடனாக எடுத்துக்கொண்டு 2 குறைவாகத் தள்ளுபடி வாங்குவது மேல்.

பேச்சின் நடுவில், பத்திரத்தில் விலையைக் குறைத்து எழுதிக்கொண்டு மீதியைக் கணக்கில் வராமல் கையில் கொடுங்கள், இன்னும் குறைத்துத் தருகிறேன் என்று ஒரு வலை விரிக்கப்படலாம். முழுப்பணத்தோடு வருபவர்களைத்தான் இப்படி அதிகம் கேட்பார்கள். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். தகராறு வந்தால் ஆவணத்தில் இருக்கும் தொகையை மட்டும்தான் நீங்கள் நிரூபிக்க முடியும். நாளைக்கு விற்கும்போது, வாங்கிய விலை குறைவு என்று எழுதியிருப்பதால் லாபம் பெருத்துக் காட்டி அதன் மேல் வரி வரும். அவருடைய வரி மிச்சத்துக்கு நீங்கள் கட்டும் விலை அது.

கிரயத்தன்று பணம் கைமாறுவதற்கு முன், காலையில் ஒருமுறை வீட்டைச் சுற்றி வாருங்கள். எல்லாக் குழாயையும் திறந்து பார்த்து, ஒப்பந்தத்தில் எழுதிய சாமான்கள் இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். ஏதாவது குறைந்தால் அங்கேயே வக்கீலுக்குப் போன் போட்டு, அதற்கான தொகையை நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். பணம் போன பிறகு அதே குறைக்கு வழக்குதான் போட வேண்டியிருக்கும்.